லாரியில் எவ்வளவு ஏற்றலாம்? ஆர்.சி. முதல் எடைமேடை வரை, வரிசைப்படி

புதிதாக லாரி எடுப்பவர்களும், குவாரியிலோ குடோனிலோ லோடிங் பார்க்க வருபவர்களும் முதலில் கேட்பது, "இந்த வண்டி எத்தனை டன் தாங்கும்?" தாங்குவது வேறு, சட்டம் விடுவது வேறு. பத்து சக்கர டாரஸ் லாரி முப்பத்தைந்து டன்னோடும் நகரும். ஆனால் அந்த வண்டி சாலையில் போவதற்கு உள்ள வரம்பு ஒரே எண்ணாக இல்லை, மூன்றாக இருக்கிறது: மொத்த எடை, ஒவ்வொரு அச்சின் (ஆக்சில்) மேல் விழும் எடை, டயரின் தாங்குதிறன். மூன்றில் எது முதலில் முட்டுகிறதோ அதுதான் உங்கள் வரம்பு.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலானோர் லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, கயிறு இழுத்த பிறகுதான் வண்டியை நிறுக்கும் எடைமேடைக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் இரண்டு டன் அதிகம் என்று தெரிந்தால் இறக்க யாருக்கும் மனசு வராது. "போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுவார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) நகல், அளவு டேப், சாக்பீஸ் அல்லது பெயின்ட், 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று, நூறு கிலோ வரை நிறுக்கும் தராசு, முத்திரை காலாவதியாகாத எடைமேடை எங்கே இருக்கிறது என்ற விவரம். எடைமேடைக்கு ஆண்டுதோறும் சரிபார்ப்பு முத்திரை வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறையினர் பார்க்கிறார்கள். சான்றிதழை அறையில் மாட்டியிருப்பார்கள். தேதியைப் பாருங்கள்.

1. ஆர்.சி.யில் இரண்டு எண்களை எடுங்கள்

ஒன்று காலி எடை, மற்றொன்று சரக்கோடு சேர்ந்த மொத்த எடை. அச்சுவாரி எடையும் போட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சேசிஸில் கம்பெனி அடித்திருக்கும் தகட்டிலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ கிடைக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 113 சொல்வது எளிது: ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடைக்கு மேல் வண்டி ஓடக்கூடாது. பக்கத்து ஷெட்டில் நிற்கும் அதே மாடல் வண்டிக்கு 28 டன் என்பதால் உங்களுக்கும் 28 டன் என்று ஆகிவிடாது.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்புகளை உயர்த்தியது. அதற்கு முன் இரண்டு அச்சு லாரி 16.2 டன், பத்து சக்கர லாரி 25 டன். இப்போது கம்பெனிகள் இதே வகை வண்டிகளை 18.5 டன்னுக்கும் 28 டன்னுக்கும் சான்று வாங்கி விற்கின்றன. பழைய வண்டியைக் கைமாற்றி வாங்குபவர்கள் புதிய எண்ணை நம்பி மூன்று டன் கூடுதலாக ஏற்றிவிடுகிறார்கள். ஆர்.சி.யில் 25,000 என்று இருந்தால் உங்கள் கணக்கு 25,000 கிலோதான்.

2. அச்சு வரம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

2018 அறிவிக்கையின்படி, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 11.5 டன் (முன்பு 10.2). பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரட்டை அச்சுக்கு இரண்டும் சேர்த்து 21 டன் (முன்பு 19). மூன்று அச்சுத் தொகுப்புக்கு 27 டன் (முன்பு 24). எத்தனை அச்சு போட்டாலும் ட்ரெய்லர் இல்லாத லாரி 49 டன்னையும், ட்ரெய்லர் வண்டி 55 டன்னையும் தாண்டக்கூடாது.

சாலையைக் கெடுப்பது லாரியின் மொத்த எடையைவிட ஒரு அச்சு தரையில் அழுத்தும் எடைதான். தோராயமாக, அச்சு எடையின் நான்காம் மடிக்கு ஏற்பச் சேதம் ஏறுகிறது. ஒரு அச்சில் 20 சதவீதம் கூடினால் சேதம் இரண்டு மடங்கு. ஆகவே மொத்த எடை சரியாக இருந்து, பின் அச்சு மட்டும் 13 டன் காட்டினாலும் அது மீறல்தான். "டோட்டல் சரியா இருக்கே சார்" என்பது அங்கே பதிலாகாது.

3. உண்மையான காலி எடையை நிறுத்துப் பாருங்கள்

ஆர்.சி.யில் இருக்கும் காலி எடை, பதிவு செய்த நாளின் எடை. அதற்குப் பிறகு வண்டி கனத்துக்கொண்டே போயிருக்கும். நாமக்கல், சங்ககிரி பட்டறைகளில் பாடிக்குக் கூடுதல் சேனல், முன்னால் கனமான பம்பர், கேபின் மேல் கேரியர், டூல் பாக்ஸ், இன்னொரு ஸ்டெப்னி, தடித்த தளத் தகடு என்று ஒவ்வொன்றாகச் சேரும். டிஸ்குடன் ஒரு பெரிய டயரே நூறு கிலோவை ஒட்டி வரும்.

நிறுக்கும்போது வண்டி ட்ரிப் கிளம்பும் நிலையில் இருக்க வேண்டும்: டேங்க் நிறைய டீசல் (300 லிட்டர் என்றால் சுமார் 250 கிலோ), தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, சமையல் சாமான், ஓட்டுநர், கிளீனர் எல்லாம் சேர்த்து. நனைந்த தார்ப்பாயின் எடையைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆர்.சி.யில் காலி எடை 9,600, மொத்த எடை 28,000. காகிதக் கணக்கில் 18,400 கிலோ ஏற்றலாம். மேடையில் நிறுத்தினால் 10,050. அப்படியென்றால் சரக்குக்கு மிஞ்சுவது 17,950. அந்த 450 கிலோவை யாரும் திட்டமிட்டு ஏற்றவில்லை. ஆனால் அபராதம் போடும்போது அதுவும் சேர்ந்தே கணக்கில் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பாடி வேலை பார்த்த பிறகும் காலி எடையை மறுபடி நிறுங்கள்.

4. டயரைப் படியுங்கள்

பலர் தாண்டிப்போகும் படி இது. டயரின் பக்கச் சுவரில் 146/143 என்பது போல ஒரு குறியீடு இருக்கும். முதல் எண் டயர் தனியாக இருக்கும்போது தாங்கும் எடை, இரண்டாவது ஜோடியாக இருக்கும்போது தாங்கும் எடை. எண் நேரடியாகக் கிலோ அல்ல, அதற்கு அட்டவணை உண்டு: 143 என்றால் 2,725 கிலோ, 146 என்றால் 3,000, 149 என்றால் 3,250, 152 என்றால் 3,550.

இப்போது கணக்குப் போடுங்கள். முன் அச்சுக்கு 7,000 கிலோ அனுமதி உள்ள புது வண்டியில், கைக்குக் கிடைத்த 146/143 டயரை மாட்டினால் முன்னால் 2 × 3,000 = 6,000 கிலோ. பின்னால் ஒற்றை அச்சில் 4 × 2,725 = 10,900 கிலோ. சட்டம் 11,500 விட்டாலும் டயர் 10,900க்கு மேல் தாங்காது. பழைய வண்டியின் டயரைப் புது வண்டிக்கு மாற்றுபவர்கள் தவறாமல் இதில் மாட்டுகிறார்கள். வெயில் காலத்தில் டயர் வெடித்தால் டயர் கம்பெனியைத் திட்டுவார்கள்.

குறியீட்டில் உள்ள எடை, அந்த டயருக்குச் சொன்ன காற்றழுத்தத்தில் மட்டுமே பொருந்தும். ஜோடி டயரில் உள்டயரின் காற்றைப் பார்க்காமல் விடுவது வழக்கம். உள்டயரில் காற்று குறைந்தால் வெளிடயர் இரண்டு டயர் பாரத்தைச் சுமக்கும்.

5. சரக்கின் எடையைக் கண்டுபிடியுங்கள்

மூட்டைச் சரக்கில் சிக்கல் குறைவு. சிமென்ட் மூட்டை 50 கிலோ. 350 மூட்டை 17,500. கம்பிக்கு, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் கிலோ கிடைக்கும். 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ, 12 மீட்டர் கம்பி 19 கிலோ. பஞ்சு, வைக்கோல், காலி அட்டைப் பெட்டி போன்றவற்றில் எடைக்கு முன் உயரமும் அகலமும் முட்டும்.

வம்பு வருவது ஜல்லி, எம்-சாண்ட் (கல்லை நொறுக்கி எடுக்கும் மணல்), கிராவல் ஆகியவற்றில். காரணம், வாங்குபவர் யூனிட் கணக்கில் கேட்கிறார், சட்டம் டன் கணக்கில் பார்க்கிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எத்தனை டன் என்பது குவாரிக்குக் குவாரி, ஈரத்துக்கு ஈரம் மாறும். "யூனிட்டுக்கு நாலு டன்" என்ற வாய்க்கணக்கு எம்-சாண்டுக்கு எப்போதும் குறைவாகவே சொல்லும்.

வாளி இதற்குத்தான். 20 லிட்டர் வாளியில் லோடர் இயந்திரம் அள்ளிப் போடும் அதே சரக்கை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பி, வாளி எடையைக் கழித்து நிறுங்கள். கிடைத்த கிலோவை 141.6ஆல் பெருக்கினால் ஒரு யூனிட்டின் எடை. (ஒரு யூனிட் ஏறத்தாழ 2,832 லிட்டர். அதை 20ஆல் வகுத்தால் 141.6.) வாளியில் 33 கிலோ வந்தால் யூனிட் சுமார் 4,670 கிலோ. மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். குவியலின் மேல்பக்கம் காய்ந்திருக்கும், அடியில் தண்ணீர் நிற்கும்.

மேலே சொன்ன வண்டிக்கு 17,950 கிலோவில் 350 கிலோவைக் கைவசம் விட்டால் 17,600. அதை 4,670ஆல் வகுத்தால் 3.77 யூனிட். நான்கு யூனிட் கூட வராது. அதே வண்டியில் ஐந்து யூனிட் கேட்பவருக்கு ஒத்துக்கொண்டால் சரக்கு மட்டும் 23,350, மொத்தம் 33,400. ஐந்து டன்னுக்கு மேல் கூடுதல்.

6. பாடிக்குள் கோடு போடுங்கள்

லோடர் ஓட்டுபவருக்குக் கிலோ தெரியாது, கண்ணுக்குத் தெரியும் கோடு புரியும். பாடியின் உள்நீளம் 16 அடி, அகலம் ஏழரை அடி என்றால் தளம் 120 சதுர அடி. 377 கன அடியை 120ஆல் வகுத்தால் 3.14 அடி, அதாவது மூன்று அடி இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த உயரத்தில் நான்கு பக்கமும் உள்ளே மஞ்சள் பெயின்டில் கோடு இழுங்கள். ஜல்லிக்கு வேறு கோடு, வேறு நிறம்.

கோடு என்பது மட்டம் தட்டிய உயரம். கூம்பாகக் குவித்துவிட்டு "ஓரத்தில் கோட்டுக்குக் கீழதான் இருக்கு" என்பது கணக்கில்லை. நடுக்குவியல் அரை யூனிட்டை எளிதாக விழுங்கிவிடும். முதல் ட்ரிப்பை மேடையில் நிறுத்தி, வந்த எடைக்கு ஏற்பக் கோட்டை ஏற்றி இறக்குங்கள். ஓர் அங்குலம் என்பது இந்தப் பாடியில் 10 கன அடி, கிட்டத்தட்ட 470 கிலோ.

7. எங்கே வைக்கிறோம் என்பதைப் பாருங்கள்

இரண்டு அச்சு லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அச்சுகளுக்கு இடையே 4.8 மீட்டர். காலியாக முன்னால் 3,300, பின்னால் 3,200. வரம்பு முன்னால் 7,000, பின்னால் 11,500. மொத்தம் 18,500, ஆக 12,000 கிலோ ஏற்றலாம்.

முன்னால் இன்னும் 3,700 இடம், பின்னால் 8,300 இடம். கூட்டினால் சரியாக 12,000. ஒரு கிலோ கூட மிச்சமில்லை. அதாவது முழு லோடு ஏற்றினால், சரக்கின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு முன்னால் 1.48 மீட்டரில் இருந்தே ஆக வேண்டும் (3,700ஐ 12,000ஆல் வகுத்து 4.8ஆல் பெருக்குங்கள்). அந்தப் புள்ளி 30 சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்தால் 750 கிலோ முன்னிருந்து பின்னுக்குப் போகும். பின் அச்சு 12,250. மொத்த எடை அப்படியேதான் இருக்கிறது, வண்டி மீறலில் நிற்கிறது.

இறக்கும்போது சுலபமாக இருக்கட்டும் என்று கனமான பெட்டிகளைக் கதவோரம் அடுக்குவதுதான் இதில் அடிக்கடி நடப்பது. முன்பக்கம் பாரம் குறைந்த வண்டிக்கு ஸ்டியரிங் லேசாகி, மழைத் தார்ச்சாலையில் திருப்பத்தில் பிடிமானம் போகும். மாறாக, கேபினை ஒட்டி இரும்பு ரோல்களை நெருக்கினால் முன் அச்சு வரம்பைத் தாண்டும், முன் ஸ்பிரிங் பட்டை உடையும். இரண்டு இடத்தில் சரக்கு இறக்கும் ட்ரிப்பில், முதல் இடத்தில் இறக்கிய பிறகு மிஞ்சுவது எங்கே நிற்கும் என்பதையும் ஏற்றும்போதே யோசியுங்கள்.

8. லிஃப்ட் ஆக்சில்

பன்னிரண்டு சக்கரமும் அதற்கு மேலும் உள்ள பல வண்டிகளில் ஓர் அச்சைத் தூக்கி வைக்கலாம். காலியாக ஓடும்போது டயர் தேய்மானம் மிச்சம். ஆனால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை, எல்லா அச்சும் தரையில் இருக்கும் கணக்கு. லோடோடு தூக்கி ஓட்டினால் அந்த அச்சின் பாரம் பக்கத்து அச்சுகளில் ஏறி அவை வரம்பைத் தாண்டும். திருப்பத்தில் தூக்கியவர் மறந்து அப்படியே போவது சகஜம். கிளம்பும் முன் கீழே இறங்கியிருக்கிறதா என்பதோடு, அதன் ஏர் பெல்லோஸில் (பாரம் தாங்கும் காற்றுப் பையில்) காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்றில்லாமல் தரையைத் தொட்டுக்கொண்டு மட்டும் உருளும் அச்சு பாரம் சுமக்காது.

9. எடைமேடையில் மூன்று முறை நிறுங்கள்

தார்ப்பாய் கட்டும் முன் போங்கள். முதலில் முன் அச்சு மட்டும் மேடையில் ஏறி நிற்கட்டும், எடை குறியுங்கள். பிறகு முழு வண்டி. பிறகு முன் அச்சு மேடையை விட்டு இறங்கி, பின் அச்சுத் தொகுப்பு மட்டும். இரட்டை அச்சு என்றால் இரண்டும் மேடையில் இருக்க வேண்டும், வரம்பு இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

முன் எடையும் பின் எடையும் கூட்டி முழு எடையோடு ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் வந்தால் மேடைக்கு ஏறும் பாதை மட்டமாக இல்லை. மொத்த எடையை மட்டும் அங்கே நம்புங்கள், அச்சு எடைக்கு வேறு மேடை பாருங்கள். வண்டி முழுதாக நின்று, எஞ்சின் அணைந்து, பிரேக் விட்ட நிலையில் நிறுக்க வேண்டும். பிரேக் பிடித்தபடி இருந்தால் சஸ்பென்ஷன் முறுக்கிக்கொண்டு ஓர் அச்சில் கூட்டியும் மற்றதில் குறைத்தும் காட்டும். மேடையின் இடுக்கில் ஜல்லி சிக்கியிருந்தாலும் எடை தப்பும்.

ஓட்டுநர் உள்ளே இருக்கிறாரா இறங்கிவிட்டாரா என்பது காலி எடைக்கும் லோடு எடைக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

10. சீட்டுகள் ஒன்றோடொன்று பொருந்தட்டும்

எடைச்சீட்டு, இ-வே பில் (ஜி.எஸ்.டி. சரக்குப் போக்குவரத்துச் சீட்டு), கனிமச் சரக்கு என்றால் குவாரியின் நடைச்சீட்டு (சரக்கை எடுத்துச் செல்லும் அனுமதி). மூன்றிலும் வண்டி எண் ஒன்றாகவும், அளவு ஒன்றுக்கொன்று ஒத்தும் இருக்க வேண்டும். நடைச்சீட்டில் மூன்று யூனிட், எடைச்சீட்டில் ஐந்து யூனிட்டின் எடை என்றால் அது வெறும் ஓவர்லோடு வழக்கோடு நிற்காது, கனிமக் கடத்தல் என்ற பேச்சும் வரும். எடைச்சீட்டின் வெப்பத்தாள் டேஷ்போர்டு வெயிலில் ஒரே நாளில் வெளுத்துப்போகும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

11. சாலையில் நிறுத்தினால்

பிரிவு 114இன்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் வண்டியை எடைபோடச் சொல்லலாம். அதற்கான மேடை, வண்டி போகும் பாதையில் எந்த இடத்திலிருந்தும் 10 கிலோமீட்டருக்குள், அல்லது போய்ச்சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடுதல் என்று தெரிந்தால், மிகுதியை இறக்கும் வரை வண்டியை நகர்த்தக்கூடாது என்று எழுத்தில் உத்தரவிடலாம். பெர்மிட்டிலும் குறிப்பு எழுதப்படும்.

2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள பிரிவு 194இன்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், இறக்கும் செலவு தனி. மேலே சொன்ன ஐந்து யூனிட் வண்டிக்கு ஐந்து டன் என்று வைத்தாலே 30,000. சரக்கு பாடியை விட்டு அனுமதித்த அளவுக்கு மேல் வெளியே நீண்டால் தனியாக 20,000. நிறுத்தாமல் போனாலோ, எடைபோட மறுத்தாலோ, எடைபோடும் முன் சரக்கைத் தள்ளிவிட்டாலோ 40,000. அதனால் மேடைக்குப் போகும் வழியில் பின்கதவைத் திறந்து ஜல்லியைக் கொட்டுவது என்ற பழைய தந்திரம் இப்போது இரட்டைச் செலவு.

சட்டம் "ஓட்டுபவர்" என்று மட்டும் சொல்லவில்லை, ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் சேர்க்கிறது. ஓட்டுநர் உரிமையாளர் இல்லை என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் கருதிக்கொள்ளலாம் என்கிறது பிரிவு 113. ஓட்டுநர் பக்கம் பார்த்தால், சரக்கு வண்டியில் ஓவர்லோடு என்பது லைசென்ஸைத் தற்காலிகமாகப் பறிக்கக் காரணமாகும் செயல்களில் ஒன்று. ட்ரிப் பேட்டாவுக்காக லைசென்ஸைப் பணயம் வைப்பவர் அவர்தான். ஆகவே எடைச்சீட்டைப் பார்க்காமல் சாவியை வாங்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை கொடுங்கள்.

12. வழியில் எடை கூடினால்

எம்-சாண்ட் 17,600 கிலோவில் ஐந்து சதவீதம் தண்ணீர் இறங்கினால் 880 கிலோ. நீங்கள் விட்டுவைத்த 350 கிலோ அங்கேயே கரைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தார்ப்பாயை ஓரங்களில் தொங்கவிட்டுக் கட்டுங்கள், நடுவில் குழி விழாமல் குறுக்குக் கட்டை வையுங்கள். குழியில் தேங்கும் தண்ணீரும் எடைதான். கழுவிய எம்-சாண்டைக் கழுவிய உடனே ஏற்றாமல் ஒருநாள் வடியவிட்டு ஏற்றினால், தண்ணீருக்கு லாரி வாடகை கொடுக்கும் வேலையும் மிச்சம். அவசரம் என்று ஈரத்தோடு ஏற்றுவதானால், வாளியை மறுபடி எடைபோட்டு, கோட்டுக்கு மூன்று அங்குலம் கீழேயே லோடரை நிறுத்தச் சொல்லுங்கள்.